பூங்காவில் மெட்டல் டிடெக்டர்: யார் நிலம், எந்தக் கருவி, குழியை எப்படி மூடுவது

லண்டனின் தெற்குப் பக்கத்தில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், பூங்காப் பராமரிப்புக் குழுவில் வேலை பார்க்கிறேன். புல் வெட்டுவது, மரத்தடியைப் பார்த்துக்கொள்வது, இலையுதிர் காலத்தில் பூக்கிழங்கு நடுவது என்று வருடம் ஓடும். விடுமுறை நாளில் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆளும் நான்தான். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் புல்தரையில் வட்ட வட்டமாகக் காய்ந்து கிடக்கும் மண்கட்டிகளைப் பார்த்தால் வயிறு எரியும். ஹெட்ஃபோனில் சுத்தமாக ஒரு சத்தம் கேட்டதும் உடனே மண்டியிட்டுத் தோண்டத் தோன்றும் ஆசையும் புரியும். எங்களுக்கு டிடெக்டர்காரர்களைப் பற்றி வரும் புகார்கள் அநேகமாகக் குழியைப் பற்றியவைதான். நீங்கள் போன பிறகு, புல் வெட்ட வருகிறவருக்கு நீங்கள் வந்ததே தெரியக்கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

முதலில் அனுமதி. பூங்கா எல்லோருக்கும் திறந்திருப்பதால் அதன் மண்ணும் எல்லோருக்கும் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சர்ரேயில் உள்ள ஃபார்னம் பார்க்கில் 1992-ல் ஒருவர் டிடெக்டர் வைத்துத் தேடி, ஒன்பது அங்குல ஆழத்தில் இடைக்காலத் தங்க ப்ரோச் ஒன்றை, உடையில் குத்தும் நகையை, எடுத்தார். ஒளித்து வைக்கவில்லை, முறையாகத் தகவல் கொடுத்தார். அன்றைய சட்டப்படி அது புதையல் ஆகாது என்று முடிவாகி, ப்ரோச் அவர் கைக்கே திரும்பி வந்தது. பூங்காவுக்குச் சொந்தக்காரரான வேவர்லி கவுன்சில் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார். 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, ப்ரோச் கவுன்சிலுக்கே என்றது. மண்ணுக்குள் இருப்பது நிலத்துக்காரருக்குச் சேரும். பூங்காவில் உலாவவும் விளையாடவும் மக்களுக்கு இருக்கும் உரிமைக்குள் தோண்டுவது வராது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

ஆகவே பூங்காத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் யாரோ சரி என்று சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும். எந்தப் பூங்கா, அதில் எந்தப் பகுதி, என்ன கருவி, எவ்வளவு ஆழம், கிடைக்கும் பொருள் யாருக்கு என்பதையெல்லாம் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று அவர்கள் கேட்கலாம். நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் அமைப்பில் சேர்ந்தால், உறுப்பினர் கட்டணத்தோடு ஒரு கோடி பவுண்டு வரைக்குமான காப்பீடும் வந்துவிடும். அதைக் கடிதத்தில் குறிப்பிட்டால் அதிகாரிக்குப் பாதி தயக்கம் போய்விடும். இவ்வளவும் செய்தாலும் பல கவுன்சில்கள் முடியாது என்றுதான் சொல்லும். சொன்னால் அந்தப் பூங்காவை விட்டுவிடுங்கள்.

கவுன்சில் சரி என்றாலும் போதாத இடங்கள் உண்டு. செயின்ட் ஆல்பன்ஸில் உள்ள வெருலாமியம் பார்க்கில் வாத்துக்கு இரை போடுகிறார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். காலுக்குக் கீழே ஒரு ரோமானிய நகரமே கிடக்கிறது. இப்படிப் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் 1979-ம் வருடச் சட்டப்படி தோண்டுவது இருக்கட்டும், தொல்லிடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்து அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணைய வரைபடத்தில் பூங்காவின் பெயரைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹைட் பார்க், ரிச்மண்ட் பார்க், க்ரீனிச் பார்க் போன்றவை ராயல் பார்க்ஸ் நிர்வாகத்தின் கீழ் வருபவை. அங்கே உங்கள் உள்ளூர் கவுன்சிலின் கடிதம் செல்லாது. தேம்ஸ் கரைக்குத் துறைமுக ஆணையத்தின் தனி அனுமதி வேண்டும். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டமே வேறு.

இனி கருவிகள். இங்கே நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது கத்திச் சட்டம். அமெரிக்க வீடியோக்களில் இடுப்பில் உறை மாட்டி, ஒரு பக்கம் ரம்பம் போலப் பல் வைத்த ஏழு அங்குலத் தோண்டு கத்தியோடு திரிவதைப் பார்த்திருப்பீர்கள். லெஷே என்ற பெயரில் புகழ்பெற்ற வகை அது. கருவி என்ற அளவில் அருமையானது. வேரை வெண்ணெய் போல வெட்டும். ஆனால் இங்கே 1988-ம் வருடச் சட்டத்தின் 139-ம் பிரிவுப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கூர்முனையோ வெட்டும் விளிம்போ உள்ள பொருளை வைத்திருப்பது குற்றம். மூன்று அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. அதிகபட்சத் தண்டனை நான்கு வருடச் சிறை. காரணம் உண்டு என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். கையில் கவுன்சில் கடிதம் இருந்தால் காரணம் இருக்கிறது. டிடெக்டருக்கே அனுமதி இல்லாத பூங்காவில் நின்றுகொண்டு என்ன காரணம் சொல்வீர்கள்? பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் இடுப்பில் கத்தியோடு ஒரு ஆள் குனிந்து நிமிர்வதைப் பார்த்து ஒரு தாய் போலீஸைக் கூப்பிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் கொண்டுபோவது விளிம்பு மழுங்கிய எஃகு மண்கரண்டி ஒன்று. கைப்பிடியோடு ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும்; தோட்டக் கடையில் கிடைக்கும் மலிவான கரண்டி லண்டன் களிமண்ணில் கழுத்திலேயே வளைந்துவிடும். முனை உருட்டிய ஸ்க்ரூடிரைவர் ஒன்று. இரண்டும் பைக்குள்தான் இருக்கும், பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் வெளியே எடுப்பதில்லை. நீளமான மண்வெட்டி உழுத வயலுக்குச் சரி, பூங்காவுக்கு வேண்டாம்.

கரண்டியைவிட முக்கியமானது பின்பாயிண்டர். கையளவு இருக்கும் அந்தச் சின்ன டிடெக்டர், பொருள் எங்கே என்று விரலால் தொடுவது போலக் காட்டும். அது இல்லாதவர் தட்டளவு குழி தோண்டுவார். இருப்பவருக்கு உள்ளங்கை அகலம் போதும். பணம் குறைவாக இருந்தால் விலை குறைந்த டிடெக்டரை வாங்கி, நல்ல பின்பாயிண்டரைச் சேர்த்து வாங்குங்கள். டிடெக்டருக்குச் சின்ன காயில் (தரைக்கு மேல் ஆட்டும் வட்டத் தலை), ஆறு அங்குலம் போல, ஒன்று வைத்துக்கொண்டால் குப்பை நிறைந்த பூங்காவில் பக்கத்துப் பக்கத்துச் சிக்னல்களைப் பிரித்துக் கேட்கலாம். அப்புறம் மண் கொட்ட ஒரு துணி, தண்ணீர் பாட்டில், தடித்த கையுறை, கண்டெடுத்ததற்கு ஒரு பை, குப்பைக்கு ஒரு பை. கையுறையை வேர்வை வந்தாலும் கழற்றாதீர்கள். உடைந்த கண்ணாடியும் ஊசியும் பூங்கா மண்ணில் சாதாரணம்.

தோண்டுவதற்கு முன் மண்ணைக் கேளுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கை பலத்தால் அழுத்துங்கள். விரல் நீளம் சுலபமாக இறங்கினால் தோண்டலாம். இறங்கவில்லையென்றால் வீட்டுக்குப் போங்கள். ஆகஸ்டில் லண்டன் களிமண் சுருங்கி வெடித்துக் கிடக்கும். அப்போது வெட்டிய புல் பிழைக்காது. மழை முடிந்து ஓரிரு நாள் ஆன இலையுதிர் காலமும் இளவேனிலும்தான் நல்ல நேரம். உறைபனி படர்ந்த காலையில் புல்லின் மேல் நடக்கவே வேண்டாம். மிதிபட்ட இடமெல்லாம் காலடி வடிவத்தில் கருகிவிடும்.

சிக்னல் வந்ததும் காயிலைக் குறுக்கும் நெடுக்கும் ஆட்டி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே வெட்டாதீர்கள். பின்பாயிண்டரைப் புல்லின் மேல் வையுங்கள். மேலிருந்தே கத்தினால் பொருள் ஓரிரண்டு அங்குலத்துக்குள் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் மண்ணை நெம்பி விலக்கி, பிளவு வழியாகவே எடுத்துவிடலாம். குழியே தேவைப்படாது.

கத்தவில்லையென்றால்தான் வெட்டு. மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கதவுக்கீல் மாதிரி விட்டுவிடுங்கள். முழு வட்டமாக வெட்டி மண்கட்டியைத் தனியாக எடுப்பதுதான் பூங்காவைக் கெடுக்கும் வேலை. தனியாக வந்த கட்டிக்குப் பக்கத்து வேரோடு தொடர்பு அறுந்துவிடுகிறது, நான்கு நாள் வெயிலில் காய்ந்துவிடும். அதற்கு முன்பே, புதிதாகக் கிளறிய மண்ணின் வாசனைக்கு ராத்திரியில் நரி வந்து இழுத்துப் போடும், காலையில் காகம் வந்து புழு தேடிப் புரட்டும். இழுத்துப் போட்ட கட்டி எங்கள் புல்வெட்டும் இயந்திரத்தில் அடிபட்டுச் சிதறும். குழி மட்டும் மிஞ்சி நிற்கும், யாராவது ஒருவர் கால் பிசகும்வரை.

வெட்டை நேராக, செங்குத்தாக இறக்குங்கள். சரிவாக வெட்டினால் ஓரம் மெல்லிசாகி முதலில் அதுதான் சாகும். நாலு அங்குலமாவது ஆழம் வேண்டும், அப்போதுதான் வேர் மண்ணோடு சேர்ந்தே மேலே வரும். மூடியைத் திறந்ததும் முதலில் அதன் அடிப்பக்கத்தைப் பின்பாயிண்டரால் பாருங்கள்; நாணயம் பல நேரம் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உதிர்மண் ஒரு பிடி எடுத்தாலும் துணியில்தான் போட வேண்டும், புல்லில் போட்டால் திரும்ப அள்ள முடியாது. பொருள் கிடைத்ததும் குழிக்கு மேல் காயிலை இன்னொரு தடவை ஆட்டுங்கள், இரண்டாவது ஒன்று இருக்கலாம். ஆறு அங்குலம் தாண்டியும் சிக்னல் கீழே போனால் நான் விட்டுவிடுவேன். பூங்காவில் அதற்குக் கீழே விளக்குக் கம்பத்துக்கான கேபிளும் தண்ணீர்க் குழாயும் ஓடலாம். அதோடு, பூங்கா உழப்படாத மண், பழைய காலத்து மண்ணடுக்குகள் கலையாமல் கிடக்கும், அவற்றைக் கலைக்கக் கூடாது.

மூடும்போது துணியிலுள்ள மண்ணை முழுதும் உள்ளே கொட்டி, முஷ்டியால் அழுத்தி, அதன் மேல் மூடியைச் சாத்துங்கள். கீழே இறுக்காமல் மேலே மட்டும் மிதித்தால் அடுத்த மழையில் பள்ளம் விழும். தட்டையாகக் காலை வைத்து அழுத்துங்கள், பாட்டில் தண்ணீரை வெட்டுக் கோட்டின் வழியே ஊற்றுங்கள், விரலால் புல்லைக் கோதி நிமிர்த்துங்கள். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். இடம் தெரிந்தால் வேலை முடியவில்லை.

கடிதம் அனுமதித்தாலும் தொடக்கூடாத இடங்கள்: கிரிக்கெட் ஆடுகளம், பௌலிங் கிரீன் (பந்து உருட்டி ஆடும் புல்தரை), கால்பந்துத் திடல். மரக்கிளை நிழல் விழும் பரப்புக்குள் தோண்டாதீர்கள், உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. குரோக்கஸும் டாஃபடிலும் நட்ட இடங்கள் குளிர்காலத்தில் வெறும் புல்லாகத் தெரியும். எங்கே என்று பூங்கா ஊழியரிடம் கேளுங்கள், ஆசையாகக் காட்டுவார். பெயர் பொறித்த நினைவு பெஞ்சுகளின் அடியில் சில குடும்பங்கள் அஸ்தி தூவியிருக்கும். அங்கே போக வேண்டாம்.

எல்லாச் சிக்னலையும் தோண்ட வேண்டியதில்லை. 1992-க்குப் பிறகு வந்த ஒரு பென்னி, இரண்டு பென்னி பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. காந்தத்தில் ஒட்டும், டிடெக்டரில் இரும்பு போலத் தாறுமாறாகக் கத்தும். ஆசை 1947-க்கு முந்தைய வெள்ளி நாணயங்கள் மேல்தான்: 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, அதற்கு முன் 92.5 சதம். பான டப்பாவின் வளையமும் தங்க மோதிரமும் டிடெக்டர் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும், அதற்கு மருந்தில்லை. தோண்டியது குப்பை என்றால் அதையும் எடுத்துப்போங்கள், திரும்பப் புதைக்காதீர்கள்.

மனிதர்கள் கேள்வி கேட்பார்கள். ஒரு காதில் ஹெட்ஃபோனைத் தள்ளி வைத்துக்கொண்டால் பின்னால் வருபவர் கூப்பிடுவது கேட்கும். விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் இருந்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. பிள்ளைகள் தாமாகவே ஓடி வருவார்கள். பெற்றோர் பார்க்கும்படி நின்று பதில் சொல்லுங்கள். ஊழியர் ஒருவர் நிறுத்தச் சொன்னால், கடிதம் பையில் இருந்தாலும் காட்டிவிட்டு நிறுத்துங்கள். வாதத்தை மறுநாள் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளலாம்.

முந்நூறு வருடத்துக்கு மேல் பழையதாக, பத்து சதத்துக்குக் குறையாமல் தங்கமோ வெள்ளியோ கலந்த பொருள் கிடைத்தால், 1996-ம் வருடப் புதையல் சட்டப்படி பதினான்கு நாளுக்குள் கொரோனருக்கு, அதாவது புதையலை விசாரிக்கும் அதிகாரிக்கு, தகவல் போக வேண்டும். தனி நாணயம் ஒன்று மட்டும் கிடைத்தால் இது பொருந்தாது. ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால் பொருந்தும். கண்டெடுத்த பொருள்களைப் பதிவு செய்யும் உங்கள் பகுதியின் ஃபைண்ட்ஸ் லியாசன் அதிகாரியைக் கூப்பிட்டால் அவரே வழி சொல்வார். நாணயங்கள் கும்பலாகத் தெரிந்தால் கையை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். அவை கிடக்கும் விதமே பாதிக் கதை. குண்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடாதீர்கள், தள்ளிப் போய் 999-ஐ அழையுங்கள். போர்க்காலத்தில் லண்டன் பூங்காக்களிலும் குண்டு விழுந்திருக்கிறது.

கோடையில் நம் குடும்பங்கள் பூங்காவில் கூடிச் சாப்பிட்டு, கிரிக்கெட் ஆடிவிட்டுப் போகும்போது மோதிரமோ சங்கிலியோ தொலைந்துவிடும். அப்போது யாராவது டிடெக்டர்காரரைத் தேடுவார்கள். போவதற்கு முன் அங்கேயும் பூங்காத் துறையிடம் சொல்லுங்கள்; தொலைந்த நகைக்கு என்றால் மனம் இளகுவார்கள். கயிறு கட்டி இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, காயில் பாதி பாதி மேல் ஏறும்படி மெதுவாக நடங்கள். மோதிரம் நன்றாகச் சத்தம் தரும். மெல்லிய சங்கிலி தராது; டிடெக்டருக்கு அது ஒரு சங்கிலியாகத் தெரியாமல் தனித்தனிக் குட்டி வளையங்களாகத்தான் தெரியும், கொக்கியின் சத்தம் மட்டும் லேசாக வரும். சங்கிலி என்றால் ஆட்களை வரிசையாக மண்டியிட வைத்து விரலால் புல்லைக் கோதச் சொல்லுங்கள். அன்றே தொலைந்தது மண்ணுக்குள் போயிருக்காது, கரண்டியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்காது.