பல்கலைக்கழக ஆசிரியப் பணியின் முதல் ஆண்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் வரை ஒருவருக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே வேலைதான்: ஆய்வேட்டை முடிக்க வேண்டும். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த மறுநாளே அந்த ஒன்று நான்காகப் பிரிகிறது. பாடம் நடத்த வேண்டும், ஆய்வைத் தொடர வேண்டும், மாணவர்களுக்கு வழிகாட்ட வேண்டும், துறையின் நிர்வாக வேலைகளிலும் பங்கெடுக்க வேண்டும். வகுப்புக்கு மணி உண்டு, விடைத்தாள் திருத்தத்துக்குக் கடைசித் தேதி உண்டு, குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வரும். எழுதப்படாத ஆய்வுக் கட்டுரையை மட்டும் இன்று யாரும் கேட்பதில்லை. தகுதிகாண் பருவம் முடிந்து, பணி நிரந்தரத்துக்கோ அடுத்த நியமனத்துக்கோ ஒருவரை மதிப்பிட உட்காரும் குழு, பல இடங்களில் முதலில் கேட்பது அந்தக் கட்டுரைகளைத்தான். தொடக்கக் காலத்துத் தவறுகளில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் நேர்பவை அல்ல என்பது என் உறுதியான கருத்து. இன்று கேட்கப்படும் வேலைக்கும் பின்னாளில் எடைபோடப்படும் வேலைக்கும் உள்ள இடைவெளியை யாரும் எடுத்துச் சொல்லாததால் நேர்பவை அவை.

ஆகவே முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் மூன்றாம் ஆண்டில் செய்கிறார்கள்: தங்கள் பணி எந்த அளவுகோல்களால் மதிப்பிடப்படும் என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெற்று, வரிக்கு வரி படித்துப் பார்ப்பது. அறை நண்பர் சொன்னது, முன்னவர் காலத்தில் நடந்தது ஆகியவற்றை நம்பித் திட்டமிடுவது ஆபத்தானது. விதிகள் மாறியிருக்கலாம், அவருடைய நியமனத்தின் தன்மையே வேறாகவும் இருக்கலாம்.

வகுப்புத் தயாரிப்பு எல்லாவற்றையும் விழுங்குவது

புதிய ஆசிரியர் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு நாள் முழுவதும் தயாரிப்பதை நாம் அக்கறை என்று பாராட்டுகிறோம். மாணவர் கேள்வி கேட்டு, பதில் தெரியாமல் நின்றுவிடுவோமோ என்ற அச்சமே பெரும்பாலும் அதற்குக் காரணம். 1980களிலும் 1990களிலும் புதிதாகப் பணியில் சேர்ந்த பல்கலைக்கழக ஆசிரியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கவனித்த உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், அவர்களுள் பெரும்பாலோர் அளவுக்கு மீறித் தயாரித்ததையும், தயாரித்த எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டுமென்று வகுப்பில் விரைந்து ஓடியதையும் பதிவு செய்தார். விரைவாக வேரூன்றிய சிலரோ தயாரிப்பை ஓர் அளவோடு நிறுத்தி, மாணவர் பேசுவதற்கு இடம் விட்டு, வாரந்தோறும் சிறிது நேரத்தை எழுத்துக்கு ஒதுக்கிவைத்தனர். அவர்களுடைய கற்பித்தல் அதனால் குறைபடவில்லை.

இதற்கு வேறு பக்கத்திலிருந்தும் ஆதரவு இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டு ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வில், விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டு மாணவர்கள் தோல்வியடைந்தனர். மாணவர்கள் தாங்களே சிந்தித்து, விவாதித்து, கணக்கிட்டுப் பார்க்க இடமளித்த வகுப்புகளில் அது 21.8 விழுக்காடாக இருந்தது. நாற்பது ஸ்லைடுகளைத் தயாரித்துக் கரைத்த இரவைவிட, மாணவர்கள் பத்து நிமிடம் தடுமாறிப் பார்க்கத்தக்க நல்ல வினா ஒன்றைத் தேடிய அரைமணி நேரம் அவர்களுக்கு அதிகப் பயன் தருகிறது. தெரியாத கேள்வி வந்தால் "அடுத்த வகுப்பில் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறவாமல் சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை. அறிவு எப்படித் தேடப்படுகிறது என்பதை மாணவர்கள் அன்றுதான் நேரில் காண்கிறார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, ஒவ்வொரு பருவத்திலும் புதிய பாடத்தை ஏற்றுக்கொள்வது. புதிய பாடம் கேட்கும் உழைப்பும் இரண்டாம் முறை நடத்தும் பாடம் கேட்கும் உழைப்பும் ஒன்றல்ல. முதல் சில ஆண்டுகளில் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்த அனுமதிக்குமாறு துறைத் தலைவரிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது. கேட்கத் தயங்குவதுதான் வழக்கம்.

விடுமுறைக்காகக் காத்திருக்கும் கட்டுரை

"பருவம் முடியட்டும், விடுமுறையில் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்" என்ற வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். விடுமுறை வருகிறது, களைப்பு தீர இரண்டு வாரம் போகிறது, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க இன்னொரு வாரம் போகிறது, எழுத்து சூடு பிடிக்கும் வேளையில் அடுத்த பருவம் தொடங்கிவிடுகிறது. நீண்ட இடைவெளிக்குப் பின் ஒரேயடியாக எழுத முயல்வோரைவிட, நாள்தோறும் சிறிது நேரம் எழுதுவோர் அதிகப் பக்கங்களை முடிக்கின்றனர் என்பதையும் பாய்ஸ் தம் ஆய்வுகளில் கண்டார். காரணம் எளியது: நேற்று விட்ட சிந்தனை இன்று காலையில் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள், வகுப்பு நேரத்தைப் போலவே நாட்காட்டியில் குறித்து வைத்த முக்கால் மணி நேரம், யார் கூப்பிட்டாலும் மாற்றப்படாத முக்கால் மணி நேரம், ஓராண்டில் ஒரு கட்டுரையை அனுப்பும் நிலைக்குக் கொண்டுவரப் பெரும்பாலும் போதும். தரவு முழுவதும் சேர்ந்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். முறையியல் பகுதியை ஆய்வு நடக்கும்போதே எழுதுபவர், எதைக் குறித்துவைக்க மறந்தோம் என்பதைத் திருத்திக்கொள்ள முடிகிற காலத்திலேயே கண்டுகொள்கிறார்.

ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எடுப்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. அத்தியாயத்தை அப்படியே வெட்டி இதழுக்கு அனுப்புகிறார்கள். ஆய்வேடு, எழுதியவர் எல்லாவற்றையும் படித்திருக்கிறார் என்று தேர்வாளருக்குக் காட்டுவதற்கானது. கட்டுரை, ஒரே ஒரு புதிய செய்தியை வாசகருக்குச் சொல்வதற்கானது. முந்தைய ஆய்வுகளைப் பற்றிய முப்பது பக்க மீளாய்வு அங்கே மூன்று பக்கமாகச் சுருங்க வேண்டும்.

இதழைத் தேர்வதில் அவசரம்

எண்ணிக்கை வேண்டும் என்ற அழுத்தம் கட்டணம் வாங்கிக்கொண்டு முறையான மதிப்பாய்வு இல்லாமலே வெளியிடும் போலி ஆய்விதழ்களின் வாசலுக்குப் புதியவர்களைக் கொண்டுபோகிறது. 2013இல் செய்தியாளர் ஜான் பொஹானன், பிழைகள் வெளிப்படையாகத் தெரியும்படி வேண்டுமென்றே புனைந்த ஒரு கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கத்தக்க 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. 2017இல் வெளிவந்த மற்றொரு சோதனையில், போலந்து ஆய்வாளர்கள் தகுதியே இல்லாத ஒரு கற்பனை அறிஞரின் பெயரில் 360 இதழ்களுக்கு இதழாசிரியர் குழுவில் சேர விண்ணப்பித்தனர். அந்தப் பெயரின் பின்பகுதியே போலந்து மொழியில் மோசடிக்காரர் என்று பொருள்படும். அப்படியிருந்தும் 48 இதழ்கள் அவரை இதழாசிரியராக ஏற்றன. "உங்கள் மதிப்புமிக்க ஆய்வைப் படித்து வியந்தோம்" என்று தொடங்கும் மின்னஞ்சல் இதழாசிரியர் குழு அழைப்போடு வரும்போது இந்தச் செய்தியை நினைவில் கொள்ள வேண்டும்.

போலி இதழில் வெளியான கட்டுரை வீணாய்ப் போனதாக மட்டும் முடிவதில்லை. அது பட்டியலில் நிலையாகத் தங்குகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு தேர்வுக் குழுவும் அதைப் பார்க்கிறது. வெளியான ஆய்வை வேறு நல்ல இதழுக்கு மீண்டும் அனுப்பவும் முடியாது. சில நாட்களில் ஏற்பு உறுதி என்ற வாக்குறுதி, கட்டணம் எவ்வளவு என்பதை ஏற்புக்குப் பின்பே சொல்லுதல், குழுவில் இருப்பதாகக் காட்டப்படும் அறிஞரின் சொந்தப் பக்கத்தில் அந்த இதழின் பெயரே இல்லாதிருத்தல் ஆகியவை தெளிவான எச்சரிக்கைகள். புகழ்பெற்ற இதழ்களின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடி நடத்தப்படும் நகல் இணையதளங்களும் உள்ளன. எனவே தேடுபொறியில் முதலில் வரும் முகவரியை நம்பாமல், நூலகரிடம் கேட்டு இதழின் உண்மையான முகவரியை உறுதிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட நல்ல சோதனை ஒன்று உண்டு: நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்திருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. இதழின் தாக்கக் காரணி எண்ணை மட்டுமே பார்த்து, பொருந்தாத பெரிய இதழ்களுக்கு வரிசையாக அனுப்பி, இரண்டு ஆண்டுகளை இழப்பவர்கள் உண்டு. அந்த எண் ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டுவதே தவிர, தனிப்பட்ட கட்டுரையின் தரத்தைக் காட்டுவதன்று. ஆய்வாளர்களை அதனால் அளக்கக் கூடாது என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012ஆம் ஆண்டின் இறுதியில் உருவானது. பல நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டுள்ளன.

கூட்டுப்பணியில் பேசாமல் விடுவது

ஆய்வுலகில் நட்புகள் முறிவதற்குக் கருத்து வேறுபாட்டைவிடப் பெயர் வரிசை பெரிய காரணமாக இருக்கிறது. யார் முதல் பெயர், இதழோடும் வாசகரோடும் கடிதத் தொடர்பு கொள்ளும் தொடர்பு ஆசிரியர் யார் என்பதைக் கட்டுரை முடிந்த பிறகு பேசலாம் என்று தள்ளிவைப்பதே இதன் தொடக்கம். மரபுகளும் துறைக்குத் துறை மாறுகின்றன. கணிதத்திலும் பொருளியலிலும் பெயர்களை அகரவரிசையில் இடும் வழக்கம் வலுவாக உள்ளது. உயிரியலில் அதிகம் உழைத்தவர் முதலிலும் ஆய்வகத்தை நடத்துபவர் கடைசியிலும் வருவர். இரு துறையினர் சேர்ந்து எழுதும்போது ஒருவர் மரியாதை என்று நினைப்பதை மற்றவர் அவமதிப்பாக உணர்கிறார். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரையாசிரியர் என்று பெயர் இடுவதற்கு நான்கு நிபந்தனைகள் வகுத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் படைப்புக்கும் பொறுப்பேற்றல். நான்கும் ஒருசேர நிறைவேற வேண்டும். பதவி காரணமாக மட்டும் ஒருவர் பெயரைச் சேர்க்கும் வழக்கத்தை மறுக்கப் புதியவருக்குத் துணிவு வராமல் இருப்பது புரிந்துகொள்ளத்தக்கது. தொடக்கக் கூட்டத்திலேயே இந்த நிபந்தனைகளை எல்லோரும் படித்து, பேசியதை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டால், மறுக்க வேண்டிய சங்கடம் ஒருவர் தலையில் மட்டும் விழாது.

நெறியாளரோடு மட்டுமே தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நன்றியுணர்வு அதில் இருக்கிறது, வசதியும் இருக்கிறது. ஆனால் அவர் பெயர் இல்லாத கட்டுரை ஒன்றுகூட இல்லாத பட்டியலைப் பார்க்கும் குழு, சிந்தனை யாருடையது என்று கேட்கத்தான் செய்யும். நல்ல நெறியாளர்கள் தாங்களே விலகி வழி விடுகிறார்கள். மற்றவர்களிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

மறுப்புக்குப் பின் ஒதுங்குவது

நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான நிதித் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு இதில் கண்ணைத் திறப்பது. தேர்வு எல்லைக்கோட்டுக்குச் சற்றே மேலே வந்து நிதி பெற்றவர்களும் சற்றே கீழே நின்று இழந்தவர்களும் மதிப்பெண்ணில் ஏறத்தாழச் சமமானவர்கள். ஆயினும் அடுத்த எட்டு ஆண்டுகளில் முன்னவர்கள் பின்னவர்களைவிட இரு மடங்குக்கும் மேலான நிதியைப் பெற்றனர். அதற்கு ஒரு பகுதிக் காரணம், தோற்றவர்கள் மீண்டும் விண்ணப்பிப்பதைக் குறைத்துக்கொண்டது. மறு ஆண்டு அமெரிக்க மருத்துவ நிதி விண்ணப்பங்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், மயிரிழையில் தோற்றவர்களுள் சிலர் அத்துறையிலிருந்தே மறைந்துவிட்டனர். விடாமல் தொடர்ந்தவர்களோ, மயிரிழையில் வென்றவர்களைவிடப் பின்னாளில் அதிகத் தாக்கமுள்ள கட்டுரைகளை எழுதினர். மறுப்புக் கடிதம் வந்த நாளில் பதில் எழுதாமல், நம் எழுத்தைப் படித்து மதிப்பிட்ட சக ஆய்வாளரான மதிப்பாய்வாளரின் கருத்துகளை ஒரு வாரம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பின்பு ஒவ்வொன்றாக எடுத்து, இது ஆய்வின் குறையா, நாம் சொன்ன விதத்தின் குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றால்கூட, அப்படிப் புரிந்துகொள்ள இடம் கொடுத்த வாக்கியம் நம்முடையதாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

எல்லாக் குழுவிலும் உறுப்பினராவது

துறை என்பது பலர் சேர்ந்து சுமக்கும் வேலை. அதில் புதியவர் பங்கெடுக்காமல் இருக்கக் கூடாது. ஆனால் மறுக்கத் தெரியாதவர் மேசைக்கே எல்லாக் கோப்புகளும் வந்து சேரும். பதவி உயர்வுக்கு உதவாத பணிகளுக்குப் பெண்கள் ஆண்களைவிட அதிகம் கேட்கப்படுவதையும், கேட்டால் அதிகம் ஒப்புக்கொள்வதையும் லிண்டா பாப்காக் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2017இல் சோதனைகள் வழியே காட்டினர். எனவே இதைத் தனிமனிதக் குணக்குறையாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. பணிப் பங்கீட்டைத் துறைத் தலைவர்கள் சுழற்சி முறையில் செய்வதே சரி. அதுவரை, ஆண்டுக்கு ஒரு பெரிய பொறுப்பு என்று முடிவு செய்துகொண்டு, புதிதாக ஒன்று வரும்போது "இதை ஏற்க வேண்டுமானால் ஏற்கெனவே உள்ளதில் எதை விடட்டும்?" என்று கேட்கலாம்.

ஆய்வு மாணவர்களை ஏற்பதிலும் இதே நிதானம் தேவை. ஒரே ஆண்டில் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளும் புதிய நெறியாளர், யாருடைய அத்தியாயத்தையும் முழுதாகப் படிக்க முடியாமல் திணறுகிறார். பாதிக்கப்படுவது அந்த மாணவரின் வாழ்க்கை என்பதால் இந்தத் தவறை நான் மற்றவற்றைவிடக் கடுமையாகவே கருதுகிறேன். முதலில் ஒருவரை ஏற்று, வாரம் ஒருமுறை சந்தித்து, வழிகாட்டுவதையே ஒரு தொழிலாகக் கற்றுக்கொண்ட பின் அடுத்தவரை ஏற்கலாம்.

எளிதில் தவிர்க்கக்கூடியவையும் உண்டு. 516 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவு கேட்டு நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வில், கட்டுரை வெளியாகி ஓராண்டு கூடுந்தோறும் தரவு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைந்தது. பழைய மடிக்கணினியில் மட்டும் தரவை வைத்திருப்பவர்கள் இன்றே அதை நிறுவனக் களஞ்சியத்தில் விளக்கக் குறிப்போடு சேர்த்துவிட வேண்டும். பெயரின் முன்னெழுத்தை ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் மேற்கோள்கள் சிதறுகின்றன. ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளப்படுத்தும் ஓர்க்கிட் (ORCID) எண் ஒன்றைப் பெற்று எல்லா இடத்திலும் அதையே கொடுத்தால் போதும். பாடத்திட்டங்கள், மாணவர் கருத்துரைகள், மதிப்பாய்வு செய்த கட்டுரைகளின் விவரம், குழுப் பணிக்கான ஆணைகள் ஆகியவற்றை ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒரே கோப்புறையில் தேதியிட்டுச் சேர்த்துவைக்க ஒரு மணி நேரம் ஆகும். அப்படிச் செய்யாதவர்கள் மதிப்பீட்டு விண்ணப்பத்துக்குக் கெடு நெருங்கும்போது, ஐந்து ஆண்டுக் காகிதங்களை ஒரே வாரத்தில் தேடுகிறார்கள்.