பழைய வீட்டை இடிக்கும் முன்: அடியில் என்ன இருக்கலாம் என்று கணிப்பது எப்படி?

நாகர்கோவில், கோட்டாறு பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும் வேலை வேகமாக நடக்கிறது. சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கன் நிலைப்படை (நிரந்தரமாகத் தங்கிய படை) வைத்த ஊர் கோட்டாறு. நாகராஜா கோயில் தூண்களில் இன்றும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஊரில் பேஸ்மென்ட் தோண்டுகிறவர்கள், மண்ணுக்குள் என்ன இருக்கலாம் என்று முன்பே ஒரு கணிப்பு வைத்துக்கொள்வது நல்லது. தோண்டிய பிறகு வேலை நின்றால் வட்டி ஓடும்.

எப்போதும் இரண்டு கேள்விகள். இங்கே பழங்காலத்தில் ஏதாவது இருந்திருக்குமா? இருந்திருந்தால், இன்னும் மிச்சம் இருக்குமா? பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

படி 1: காகிதம்

பட்டா, எஃப்எம்பி (புல அளவீட்டு வரைபடம்) எல்லாம் கையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அவை போதாது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேடும் மூலப் பத்திரங்களும் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. கொல்லம் 1076 ஐப்பசி என்றால் 1900. அதே 1076 சித்திரை என்றால் 1901.

பதிவேட்டில் தேட வேண்டியது குளம், கோயில் நிலம், சாவடி, பழைய வழி. குளம் என்று இருந்தால் உற்சாகமாகுங்கள். மேலே சமீபத்தில் தூர்த்த குப்பை கிடக்கும். ஆனால் அடிச்சேற்றில் காற்று புகாததால் மரம், விதை போன்றவைகூட அழியாமல் இருக்க வாய்ப்புண்டு.

படி 2: சட்டம்

மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். 2010 திருத்தச் சட்டம் சொல்வது இதுதான். மாநிலச் சின்னங்களுக்குத் தனிச் சட்டம் என்பதால் அந்தப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

படி 3: எது ஏற்கெனவே போய்விட்டது?

மனையின் வரைபடத்தில் கிணறு, செப்டிக் டேங்க், போர்வெல், பழைய அஸ்திவாரம் எல்லாவற்றையும் சிவப்பில் நிரப்புங்கள். அங்கே அடுக்குகள் கலைந்திருக்கும். மிஞ்சும் வெள்ளைப் பகுதிதான் உங்கள் கவனத்துக்கு உரியது. பெரும்பாலும் அது முற்றமும் பின்கட்டும்தான். இதற்குப் பலர் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பரிந்துரைப்பார்கள். ஒரே ஒரு மனைக்கு அது வீண் வேலை. டிரேசிங் பேப்பர் போதும். பழைய செயற்கைக்கோள் படங்களுக்கு மட்டும் கூகுள் எர்த் ப்ரோ.

படி 4: மண் பரிசோதனை அறிக்கை

எல்லாரும் வழுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கட்டடத்துக்காகப் போடும் துளையின் அறிக்கையில் முதல் வரி பெரும்பாலும் ‘நிரப்பு மண், 0 முதல் 2 மீட்டர்’ என்று இருக்கும். பொறியாளருக்கு அது பாரம் தாங்காத மண், அவ்வளவுதான். நமக்கோ முழுக் கதையும் அதற்குள் இருக்கலாம். செங்கல் துண்டு, கரி, ஓடு கலந்த எதையும் அவர்கள் நிரப்பு மண் என்றே எழுதுவார்கள். அது போன வருடம் லாரியில் வந்து கொட்டியதாக இருக்கலாம், எண்ணூறு வருடம் மனிதர்கள் வாழ்ந்து சேர்ந்த மண்ணாகவும் இருக்கலாம். அறிக்கையை வைத்துப் பிரித்தறிய முடியாது. போதாக்குறைக்கு, மாதிரி எடுப்பது வழக்கமாக ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை. நான்கு விரற்கடை கனமுள்ள ஒரு தரைத்தளம் நடுவில் இருந்தால் அது அறிக்கையில் வரவே வராது.

அதனால் துளை போடும் நாளில் நேரில் நில்லுங்கள். மாதிரிப் பைகளைத் தூக்கி எறிய விடாமல் கேட்டு வாங்கி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். பிளாஸ்டிக், பாட்டில் கண்ணாடி, சிமெண்ட் கட்டி வந்தால் புதுசு. இவை எதுவும் இல்லாமல் சாம்பலும் பானை ஓடும் மட்டும் வந்தால் கவனம் வேண்டும். ஓட்டின் உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு என்றால் இரும்புக் காலம்வரை போகக்கூடும். கரியோ ஓடோ இல்லாத ஒரே சீரான மண் வந்து, கீழேயும் அப்படியே தொடர்ந்தால் பெரும்பாலும் அதுதான் கன்னிமண், அதாவது மனிதர் கை படாத மண். அதற்குக் கீழே பொதுவாகத் தேட வேண்டியதில்லை.

படி 5: குழியின் சுவர்

அஸ்திவாரத்துக்கு எப்படியும் சோதனைக் குழி எடுப்பீர்கள். ஜேசிபிக்குப் பல் இல்லாத பக்கெட் மாட்டச் சொல்லுங்கள். பல் உள்ளது சுவரைக் கீறி எல்லாவற்றையும் குழப்பிவிடும். பிறகு குழிச் சுவரைக் கொத்தனார் கரண்டியால் சீவி, தெளிப்பானில் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். காய்ந்த மண்ணில் தெரியாத நிற வேறுபாடு ஈரத்தில் எழும்பி வரும். அளவுகோலைச் சுவரோடு நேராக வைத்துப் படம் எடுங்கள். ஆழமான குழியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்க வேண்டாம்.

இது அகழாய்வு அல்ல. பானையோ சுவரோ முழுதாகத் தெரிந்தால் கையை எடுத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். காசு, நகை, சிலை போல மதிப்புள்ளது கிடைத்தால் ஆட்சியருக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் வரம்பு பத்து ரூபாய்தான்!

பின்சேர்க்கை: பாலக்காட்டிலிருந்து ஒருவர், அலசிய பையில் சிவப்புத் துண்டுகளாக வருகின்றன, செங்கலா என்று கேட்டிருந்தார். வெட்டுகல் (லேட்டரைட், செம்பாறை) பகுதிகளில் இந்தக் குழப்பம் வரும். சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். செங்கல் என்றால் உள்ளே மணல், உமித் தடம், ஒரே நிறம். வெட்டுகல் உருண்டை என்றால் மேலே கரும்பழுப்புத் தோல், உள்ளே மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, அந்தப் பையில் பானை ஓடு கூடவே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் செங்கலாக இருக்க வாய்ப்பு அதிகம்.