மஞ்சளில் குர்குமின் சத்து கூட வேண்டுமா? விதைக்கு முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

மருந்துக்கும் சாறு எடுக்கவும் மஞ்சள் வாங்குகிறவர்கள் இப்போது நிறத்தையும் பருமனையும் பார்த்து விலை சொல்வதில்லை. மஞ்சளின் நிறத்துக்கும் மருந்துக் குணத்துக்கும் காரணமான குர்குமின் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். உடனே பலரும் ஓடுவது புது விதையைத் தேடித்தான். விதை முக்கியம்தான், மறுக்க முடியாது. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதிபா ரகத்துக்கு 6.2, பிரபாவுக்கு 6.5 சதவீதம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஈரோட்டு நாட்டு மஞ்சளில் 2 முதல் 4 வரைதான் வழக்கம். ஆனால் ரகத்துக்குச் சொல்லப்படும் எண் ஓர் உச்சி. அதை எட்டுவதும் பாதியில் நிற்பதும் வேர் நிற்கும் மண்ணைப் பொறுத்தது. மேகாலயத்தின் ஜெயின்டியா மலைகளில் அமிலத் தன்மையுள்ள செம்மண்ணிலும் பெருமழையிலும் விளையும் லக்கடாங் மஞ்சளைக் கொண்டுவந்து சுண்ணாம்பு நிறைந்த சுக்கான் நிலத்தில் ஊன்றிவிட்டு, அங்கே காட்டிய அதே எண்ணை இங்கே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஜப்பானின் ஒகினாவா தீவில் ஒரே மஞ்சளைக் கருஞ்சிவப்பு மண், சாம்பல் நிற மண், சிவப்பு மண் என மூன்றில் வளர்த்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில் கருஞ்சிவப்பு மண்தான் விளைச்சலிலும் குர்குமினிலும் முந்தியது. விளைச்சலும் சத்தும் ஒன்றாகவே கூடின என்பதைக் கவனியுங்கள். "செடியை வாட்டினால்தான் மருந்துச் சத்து ஏறும்" என்ற பேச்சை நம்பி மஞ்சளைப் பட்டினி போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செடி இதை எப்படிச் செய்கிறது

குர்குமினில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும். தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் அதில் துளியும் இல்லை. பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செடி அதைக் கட்டுகிறது. புரதம் செய்யவும் அதே பினைல்அலனின்தான் வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி புது இலையும் தண்டும் விட்டுக்கொண்டே போகும்; கிழங்குக்குப் போக வேண்டியது இலைக்குப் போய்விடும். அதற்காகத் தழைச்சத்தையே நிறுத்தினால் இலை சிறுத்து, வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் பரப்பே குறைந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் பயிரை நிறுத்துவதுதான் நம் வேலை.

நடுவதற்கு இரண்டு மாதம் முன்பு

சித்திரை கடைசியிலிருந்து ஆனிக்குள் நடுகிறவர்கள் மாசியிலேயே மண் எடுத்துவிட வேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் V வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, ஒரு பக்கச் சுவரில் விரல் கனத்துக்கு மேலிருந்து கீழ்வரை சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். துத்தநாகம், இரும்பு பார்ப்பதானால் துருப்பிடித்த சட்டியில் மண்ணைக் கலக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளி போதும். ஒரே வயலில் பாதி செவலும் பாதி கரிசலுமாக இருந்தால் இரண்டையும் தனித்தனியே அனுப்ப வேண்டும். கலந்து அனுப்பினால் எந்தப் பாதிக்கும் பொருந்தாத சராசரி ஒன்றுதான் கைக்கு வரும்.

அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச்., உப்பின் அளவைக் காட்டும் இ.சி., கரிமச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்), துத்தநாகம், இரும்பு ஆறையும் கேட்டு வாங்குங்கள். மஞ்சளுக்கு 5.5 முதல் 7.5 வரை பி.எச். ஏற்றது. இ.சி. 1-க்குள் இருப்பது நல்லது. துத்தநாகம் 1.2 பி.பி.எம்-க்குக் (பத்து லட்சத்தில் 1.2 பங்குக்கு) கீழே இருந்தால் பற்றாக்குறை. இரும்புக்கு அந்த எல்லை சாதாரண மண்ணில் 3.7, சுண்ணாம்பு மண்ணில் 6.3. கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் கொடுத்துவிடுங்கள். பைகார்பனேட் மிகுந்த போர் தண்ணீரை எட்டு மாதம் பாய்ச்சினால் நல்ல மண்ணும் காரமாகிக்கொண்டே போகும்.

லேப் முடிவு வருமுன் வயலிலேயே இரண்டைப் பார்த்துவிடலாம். ஓர் அடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிக் குச்சியால் அளவு பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் அந்த நிலத்தில் சமபாத்தியில் மஞ்சள் போடக் கூடாது. இரண்டாவது, குழியின் அடிமண்ணில் ஒரு பிடி எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விடுங்கள், கையுறை கட்டாயம். சோடா பாட்டில் திறந்ததுபோல் சுர்ரென்று நுரைத்தால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது. மேல்மண் நுரைக்காமல் அடிமண் நுரைக்கும் வயல்கள் கொங்குப் பகுதியில் நிறைய உண்டு. மேலே பார்த்தால் அருமையான செவலாகத் தெரியும். ஓர் அடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் உருண்டைகள் கிடக்கும்.

சுக்கான் நிலம்: பிழை அதிகம் நடக்கும் இடம்

நட்டு இரண்டு, மூன்று மாதத்தில் குருத்தை ஒட்டிய இளம் இலையைப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பெல்லாம் பச்சைக் கோடாகத் தெரிய, இடைப்பட்ட இடம் வெளிறி, முற்றினால் தாள்போல் வெள்ளையாகவே ஆகிவிடும். அடியிலைகள் மட்டும் பச்சையாக இருக்கும். இது இரும்புப் பற்றாக்குறை. தழைச்சத்து குறைந்தால் அடியிலை முதலில் மஞ்சளாகும். நரம்பு, இடைவெளி என்ற வித்தியாசம் தெரியாது. இந்த வேறுபாடு தெரியாமல் வெளிறிய வயலுக்கு யூரியா போடுவதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. பச்சையம் இல்லாத இலையில் சர்க்கரை உருவாகாது, சர்க்கரை இல்லாமல் குர்குமினும் இல்லை.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு இருப்பதால் அது கரையாத வடிவத்தில் கிடக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. அதனால்தான் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) வெறுமனே வயலில் தூவினால் சில நாட்களிலேயே அதுவும் துருவாகிப் படிந்துபோகிறது. செய்ய வேண்டியது இது: ஏக்கருக்கு 12 கிலோ அன்னபேதி, 6 கிலோ துத்தநாக சல்பேட் எடுத்து, சுமார் 200 கிலோ நன்கு மட்கிய தொழுஉரத்தில் கலந்து, புட்டு மாவுப் பதத்தில் ஈரமாக்கி, நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி ஒரு மாதம் வையுங்கள். வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். நடும்போது பாரில் (மண் அணைத்த மேட்டில்) கிழங்கு ஊன்றும் வரிசையிலேயே இடுங்கள். மட்கிய எருவின் அமிலங்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும்.

வெளிறல் வந்தபின் மண்ணில் போட்டுப் பயனில்லை, இலைவழிதான் வழி. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துவிட்டுப் பிறகு அன்னபேதியைப் போடுங்கள். மாற்றிச் செய்தால் காரத் தண்ணீரில் அன்னபேதி பழுப்பாகத் திரிந்துவிடும்; அந்த நிறம் வந்த கரைசல் வீண். மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. பச்சை திரும்புவது புதிதாக வரும் இலையில்தான் நன்றாகத் தெரியும்.

ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஜிப்சம் வேலை செய்வது சோடியம் மிகுந்த களர் மண்ணில். சுக்கான் நிலத்தில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அங்கே ஜிப்சம் பி.எச்-ஐக் குறைக்காது. மூட்டை மூட்டையாகக் கொட்டி ஏமாறாதீர்கள்.

பி.எச். 5.5-க்குக் கீழே இருக்கும் மலைப்பகுதி நிலங்களுக்கு இதற்கு நேர் எதிரான வைத்தியம்: சோதனை சொல்லும் அளவு டோலமைட் சுண்ணாம்புத் தூள், நடுவதற்கு ஒரு மாதம் முன்பு. 6.5-ஐத் தாண்டும்படி போட வேண்டாம்.

தேங்கும் தண்ணீர்

மஞ்சள் ஈரத்தை விரும்பும், தேக்கத்தைத் தாங்காது. மண் துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நின்றால் வேர் மூச்சுவிட முடியாமல் சத்து எடுப்பதை நிறுத்திவிடும். பித்தியம் பூஞ்சை அந்த நேரத்தில்தான் நுழைந்து கிழங்கை அழுக வைக்கும். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் பக்கத்து நெல் வயலின் கசிவு நீர் வரும் இடங்களில் இது வருடா வருடம் நடக்கிறது. அங்கே மேட்டுப்பாத்தி ஒரு மீட்டர் அகலம், ஓர் அடி உயரம், பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி வடிகால் என்று அமைத்து, நெல் வயலை ஒட்டிய பக்கம் பாத்தியைவிட ஆழமாக ஒரு கசிவுக் கால்வாய் வெட்டிவிடுங்கள். தொழுஉரம் ஏக்கருக்கு 4 டன் மட்கியதாக இருக்கட்டும். மட்காத சாணியைப் போட்டால் சூடு, புழு, அழுகல் மூன்றும் சேர்ந்து வரும்.

உரக் கணக்கு

சோதனை வேறு சொல்லாத வரை ஏக்கருக்குத் தழைச்சத்து 50, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 24, சாம்பல்சத்து 40 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மணிச்சத்து முழுவதும் அடியுரம்: சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ. யூரியாவையும் பொட்டாஷையும் ஐந்தாகப் பிரித்து அடியுரமாகவும் 30, 60, 90, 120-ஆம் நாளிலும் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் யூரியா 22 கிலோ, மியூரேட் ஆப் பொட்டாஷ் 13 கிலோ. 120-ஆம் நாளுக்குப் பிறகு யூரியா வேண்டாம். கிழங்கு பருக்கும் காலத்தில் இலையை வளர்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சாம்பல்சத்தில் கஞ்சத்தனம் செய்கிறவர்கள்தான் அதிகம். இலையில் செய்த சர்க்கரையைக் கிழங்குக்கு இறக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அடியிலையின் ஓரம் தீய்ந்தாற்போல் காய்ந்துவந்தால் பற்றாக்குறை என்று பொருள். இ.சி. அதிகமுள்ள நிலத்தில் மியூரேட்டில் உள்ள குளோரைடு மேலும் உப்பைச் சேர்க்கும். அங்கே சல்பேட் ஆப் பொட்டாஷ் முறைக்கு 16 கிலோ போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் உப்பு நிலத்துக்கு அதுவே சரி.

மண் தந்ததை வேகவைக்கும் கொப்பரையில் இழக்காமல்

குர்குமின் காரத்தில் சிதையும். நிறம் கூடட்டும் என்று வேகவைக்கும் தண்ணீரில் சோடா உப்புப் போடும் பழக்கம் இன்னும் சில களங்களில் இருக்கிறது. கிழங்கு சிவந்து தெரியும், சத்து போய்விடும். வெறும் தண்ணீர் போதும். நுரை பொங்கி மஞ்சள் மணத்தோடு வெள்ளை ஆவி எழும்பும்போது ஒரு கிழங்கை எடுத்துக் குச்சியால் குத்துங்கள். தடையின்றி இறங்கினால் இறக்கிவிடுங்கள். 45 முதல் 60 நிமிடத்துக்கு மேல் வேக விடாதீர்கள். காய்ந்த விரலியை (விரல் போன்ற பக்கக் கிழங்கை) ஒடித்தால் டக்கென்று கணீர் ஓசையோடு ஒடிய வேண்டும். அரைத்த தூளை வெயிலில் வைக்காதீர்கள். வெளிச்சமே அதைக் கெடுக்கும்.

சோதனைக்கு அனுப்பும்போது

வெட்டிய கிழங்கின் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துச் சதவீதம் சொல்கிறவரை நம்ப வேண்டாம். செவல் பாத்தியிலும் சுக்கான் பாத்தியிலும் தோண்டியதைத் தனித்தனியே வேகவைத்துக் காயவையுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து இடத்தில் எடுத்து இரண்டு கிலோ சேர்த்து, உடைத்துக் கலந்து, நாலாகப் பிரித்துக் குறைத்து 250 கிராம் அனுப்புங்கள். விரலியையும் குண்டையும் (தாய்க் கிழங்கையும்) ஒரே பையில் போடாதீர்கள், சத்து இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

ஆய்வகத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, ஈரத்தோடு கணக்கிட்டதா, ஈரம் நீக்கியா? 12 சதவீத ஈரத்தோடு 4.0 காட்டும் மஞ்சள், ஈரம் நீக்கிப் பார்த்தால் 4.55. இரண்டாவது, நிறமானியில் 425 நானோமீட்டரில் மொத்தமாக அளந்ததா, எச்.பி.எல்.சி. என்ற பிரித்தளக்கும் கருவியில் மூன்று குர்குமினாய்டுகளையும் (குர்குமினையும் அதைப் போன்ற வேறு இரண்டையும்) பிரித்து அளந்ததா? ஒன்றில் வந்த எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட்டால் மண்ணைப் பற்றித் தவறான முடிவுக்குப் போவீர்கள்.

பிறகு ஏக்கர் கணக்கைப் போடுங்கள். 1,500 கிலோ உலர் மஞ்சளில் 4.4 சதவீதம் என்றால் குர்குமின் 66 கிலோ. 2,400 கிலோவில் 3.6 சதவீதம் என்றால் 86 கிலோவுக்கு மேல். சதவீதத்துக்கு விலை வைக்கும் வியாபாரிக்கு முதலாவது பிடிக்கும்; மொத்தக் குர்குமினுக்கு விலை கொடுக்கும் சாறு ஆலைக்கு விற்கும்போது இரண்டாவது நிலம்தான் உங்களுக்கு லாபம். யாருக்கு விற்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, அடுத்த பட்டத்தில் எந்தப் பாத்தியில் எந்த வேலையை மாற்றுவது என்று தீர்மானியுங்கள். மாற்றம் செய்யாத ஒரு பாத்தியை மட்டும் பழைய முறையிலேயே விட்டுவையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.