கதையைச் சொன்னவரிடமே விட்டுவிடுங்கள்: நாடகப் பட்டறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாடகப் பட்டறையின் முதல் மணி நேரம். பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஒருவர் பெயர் மற்றவருக்கு இன்னும் பதியவில்லை. அதற்குள் பயிற்றுநர், “உங்கள் வாழ்க்கையிலேயே மிகக் கொடுமையான நாளைச் சொல்லுங்கள், நடித்துப் பார்ப்போம்” என்றார். ஒரு பெண் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். தேநீர் இடைவேளை வந்தது. அவர் சன்னலோரம் தனியாக நின்று, ஆறிப்போன கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் வரவில்லை.

நாடகத்துக்கு மனத்தைத் திறக்கும் சக்தி உண்டு என்று முழுமையாக நம்புகிறேன். அதனாலேயே இதைச் சொல்கிறேன்: அழுகை வந்துவிட்டால் மனம் ஆறிவிட்டது என்று எண்ணாதீர்கள். நடிப்பின் வழியே மனக்காயத்தை ஆற்ற முயலும் உளநாடக முறையை உருவாக்கிய மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோவின் வழியில் ஓர் அமர்வுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் உடலையும் குழுவையும் தயார்ப்படுத்துவது, அடுத்து நடிப்பது, கடைசியில் பகிர்வது. நேரமில்லை என்று பலரும் வெட்டிவிடுவது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். பகிர்வில் யாரும் அறிவுரை சொல்வதில்லை. பார்த்த காட்சி தங்கள் வாழ்க்கையில் எந்த இடத்தைத் தொட்டது என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். மனத்தைத் திறந்தவர் தனித்து நிற்காமலிருக்க அதுவே வழி. சன்னலோரம் நின்ற பெண்ணுக்கு அன்று கிடைக்காமல் போனதும் அதுதான்.

காயப்பட்டவரையே அவருடைய காயத்தை மீண்டும் நடிக்க வைப்பது இன்னொரு தவறு. பக்குவமான சிகிச்சையாளர் அருகில் இருந்தால் அது வேறு. அப்படி ஒருவர் இல்லாத பட்டறைகள் அதிலிருந்து விலகியிருப்பதே நல்லது. 1975இல் ஜோனதன் ஃபாக்ஸும் ஜோ சாலசும் தொடங்கிய பிளேபேக் நாடகத்தில், பார்வையாளர் ஒருவர் சொல்லும் கதையை நடிகர்கள் அங்கேயே நடித்துக் காட்டுவார்கள்; கதை சொன்னவர் மேடையோர நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். தன்னை யார் நடிக்க வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுப்பார். காட்சி முடிந்ததும் நடிகர்கள் அவர் பக்கம் திரும்புவார்கள். கடைசிச் சொல் அவருடையது. தன் கதையைச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

கொடுமைக்காரராக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அவரைப் பாத்திரத்திலிருந்து வெளியே கொண்டுவருவது இரண்டு நிமிட வேலைதான்: பாத்திரத்துக்காகப் போட்ட தொப்பியைக் கழற்றித் தரையில் வைக்கட்டும், கை கால்களை உதறட்டும், தன் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லட்டும்.

சமூக மாற்றத்துக்கான நாடகத்தில் தவறின் முகம் மாறுகிறது, வேர் அதேதான். அடுத்தவர் வலியை நாம் எடுத்துக்கொண்டு அவருக்கே உபதேசிக்கிறோம். பிரேசில் நாட்டு நெறியாளர் அகஸ்தோ போவால் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று அவருடைய குழு, கையில் துப்பாக்கிகளோடு, விவசாயிகள் முன் பாடி முடித்தது. விர்ஜீலியோ என்ற விவசாயி உணர்ச்சிவசப்பட்டு, வாருங்கள், நாம் சேர்ந்தே போய் நிலத்தைப் பறித்தவர்களோடு மோதுவோம் என்று அழைத்தார். இவை நாடகத்துக்கான போலித் துப்பாக்கிகள் என்று நடிகர்கள் நெளிந்தார்கள். எங்களிடம் நிஜத் துப்பாக்கிகள் இருக்கின்றன, நீங்கள் வந்தால் போதும் என்றார் அவர். வர முடியாது என்றதும், அப்படியானால் நீங்கள் பாடியது எங்கள் ரத்தத்தைப் பற்றித்தானா என்று கேட்டார். நாம் ஏற்கத் துணியாத ஆபத்தை மேடையிலிருந்து மற்றவருக்குப் பரிந்துரைக்க நமக்கு உரிமை இல்லை.

பார்வையாளரின் பதிலை நம் வாயால் சொல்லி முடித்துவிடுவதும் அவ்வகைதான். 1973இல், பெரு நாட்டில், கணவனின் துரோகத்தை அறிந்த மனைவி என்ன செய்ய வேண்டும் என்று போவால் கூட்டத்தைக் கேட்டார். தெளிவாகப் பேச வேண்டும் என்றார் ஒரு பெண். நடிகை பேசிக் காட்டினார். இது இல்லை என்றார் அவர். மறுபடியும் நடித்தார்கள், மறுபடியும் இல்லை. கடைசியில், நீங்களே வந்து காட்டுங்கள் என்று போவால் அழைத்ததும் மேடையேறித் துடைப்பத்தை எடுத்து, கணவனாக நடித்தவரைப் பின்னியெடுத்துவிட்டார். ‘தெளிவாக’ என்ற சொல்லுக்கு அவர் வைத்திருந்த பொருள் வேறு எவருக்கும் எட்டியிருக்காது. பார்வையாளரே மேடையேறித் தீர்வைத் தேடும் விவாத அரங்கு பிறந்தது அந்த மாலையில்தான்.

அந்த அரங்கிலும் ஒரு பொறி உண்டு. மேடையேறுகிறவர் கொடுமைக்காரரின் பாத்திரத்தை எடுத்து, அவரைத் திடீரென்று நல்லவராக்கிவிடுவார். கூட்டம் மகிழ்ந்து கைதட்டும். வீட்டிலும் வேலையிடத்திலும் அப்படி யாரும் ஒரே இரவில் திருந்துவதில்லை. ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. நம்ப முடியாத தீர்வு வந்தால் பார்வையாளர்கள் “மந்திரம்!” என்று குரல் கொடுத்து நிறுத்தலாம் என்று ஒரு விதியே இருக்கிறது.

நாடகம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, மக்கள் மேடையேறிச் சொன்ன தீர்வுகளை எழுதி எடுத்து மன்றத்துக்குக் கொண்டுபோனார். 13 சட்டங்கள் நிறைவேறின. நமக்கு மன்றம் இல்லாமல் இருக்கலாம். மூலையில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதலாம். அதே மக்களிடம் அடுத்த வாரம் அந்த நோட்டோடு திரும்பிப் போகலாம்.