ட்ரவுட் சீசன் முடிந்ததும் ஃபிளை ஃபிஷிங் சாமான்களை எப்படி எடுத்து வைப்பது

ஃபிளை என்கிற போலிப் பூச்சியைக் கட்டி மீன் பிடிப்பதுதான் ஃபிளை ஃபிஷிங். கனடாவின் தென் ஒன்டாரியோவில் கிராண்ட் ஆறு உட்பட நிறைய ட்ரவுட் மீன் ஆறுகள் செப்டம்பர் 30 அன்று மீன்பிடிப்புக்கு மூடினால், மறுபடி திறப்பது ஏப்ரல் மாதம் நான்காவது சனிக்கிழமைதான். ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க ஏரிப் பக்கத்து ஆறுகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் ராடின் (தூண்டில் கோலின்) வளையங்களில் ஐஸ் கட்ட ஆரம்பித்ததும் அவர்களிலும் பாதிப்பேர் வீட்டோடு இருந்துவிடுவார்கள். அப்புறம் சாமான் எல்லாம் பேஸ்மென்டிலோ கராஜிலோ கார் டிக்கியிலோ மாதக்கணக்கில் கிடக்கும். என்னைக் கேட்டால் இவை ஆற்றில் கெடுவதைவிட இப்படிக் கிடக்கும்போது கெடுவதுதான் அதிகம். ஈரத்தோடு மூடி வைப்பது, மடித்து அழுத்தி வைப்பது, சூடு படும் இடத்தில் வைப்பது, இந்த மூன்றையும் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு ஒரு சனி ஞாயிறு போதும்.

வேடரில், அதாவது ஆற்றில் இறங்கி நிற்கப் போடும் தண்ணீர் புகாத உடையில், ஆரம்பியுங்கள். காய அதிக நேரம் எடுப்பதும் அதுதான், புதிதாக வாங்கினால் பர்ஸைப் பதம் பார்ப்பதும் அதுதான். முதலில் கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் டி-ஷர்ட் ஈரம், வியர்வை, வெளியே ஒட்டிய சேறு, சன்ஸ்கிரீன் எல்லாம் சேர்ந்து துணியின் மூச்சை அடைத்துவிடும். சாதாரண சலவைத் தூள் வேண்டாம், துணி கன்டிஷனர் வேண்டவே வேண்டாம். நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரி வாட்டர்ப்ரூஃப் துணிகளுக்கென்று இருக்கும் சோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினில் போடலாமா கூடாதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் குளியல் தொட்டியில் ஆறின தண்ணீர் விட்டுக் கையால் அலசுவதே நல்லது. வெளிப்பக்கம் காய்ந்ததும் உள்ளே வெளியே திருப்பி மறுபடி காய வையுங்கள். பாதப்பகுதி நியோப்ரீனில் (நுரை ரப்பரில்) இருக்கும், அது அவ்வளவு சீக்கிரம் காயாது. கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

காய்ந்த பிறகு ஓட்டை தேடும் வேலை. கோர்டெக்ஸ் வேடர் என்றால் ரொம்ப சுலபம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, சந்தேகப்படும் இடங்களில் அடியுங்கள். ஊசி முனை அளவு ஓட்டையாக இருந்தாலும் அங்கே கருப்பாக ஒரு புள்ளி தெரியும். பேனாவால் உடனே சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள், ஆல்கஹால் ஆவியானதும் புள்ளி மறைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், காஸ் அடுப்பு, ஃபர்னஸ் பக்கத்தில் ஆல்கஹால் அடிக்கிற வேலை வேண்டாம். வேறு வகைத் துணிகளில் இந்த வித்தை எப்போதும் பலிக்காது. அதற்கு இருட்டறையில் உள்ளே பளிச்சென்ற டார்ச்சை விட்டு வெளியிலிருந்து பார்க்கலாம், அல்லது ஒவ்வொரு காலிலும் தண்ணீர் நிரப்பி எங்கே கசிகிறது என்று பார்க்கலாம். நியோப்ரீன் பாதத்துக்கும் அது சேரும் தையலுக்கும் தண்ணீர்ச் சோதனைதான் சரி.

ஓட்டை மேல் அக்வாசீல் பசை ஒரு சொட்டு வைத்து, ஐந்து பைசா நாணய அளவுக்குப் பரப்பி, ஒரு நாள் தொடாமல் விட்டால் போதும். பெரிய கிழிசலுக்குத்தான் ஒட்டுத்துணி. அக்வாசீல் ட்யூபை ஒரு தடவை திறந்துவிட்டால் அலமாரியில் வைத்தால் உள்ளுக்குள்ளேயே கல்லாகிவிடும். மூடியை இறுக்கி ஃப்ரீசரில் போட்டால் அடுத்த வருஷமும் வரும், வீட்டில் இருப்பவர்கள் இதென்ன என்று கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்ததும் வேடரை அகலமான ஹேங்கரில் தொங்க விடுங்கள். இடமில்லை என்றால் லூசாகச் சுருட்டி வையுங்கள். நான்காக மடித்து மேலே ஒரு பெட்டியை ஏற்றினால் அந்த மடிப்புக் கோட்டிலேயே நாளைக்குக் கசியும்.

பூட்ஸுக்கு வேறு ஒரு காரணமும் சேர்கிறது. சேற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகிற உயிர்கள் உண்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான நியூசிலாந்து மட்ஸ்னெய்ல் நத்தை 1991-லேயே ஒன்டாரியோ ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. ட்ரவுட் குஞ்சுகளைச் சுற்ற வைத்துக் கொல்லும் வேர்லிங் நோய் 2016-ல் ஆல்பர்ட்டாவில் பான்ஃப் பக்கம் தெரிய வந்தது. டிடிமோ பாசிக்குப் பயந்து நியூசிலாந்து 2008-ல் ஃபெல்ட் (தடித்த நார்த்துணி) அடி பூட்ஸையே தடை செய்துவிட்டது, ஃபெல்ட் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காயாது என்பதால். ஆகவே உள்ளே இருக்கும் இன்சோலையும் லேஸையும் கழற்றி, கெட்டியான பிரஷால் சேறு முழுக்கத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய வைத்து, கராஜில் வையுங்கள். கனடாக் குளிருக்கு இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்லலாம், உறைநிலைக்குக் கீழே நன்றாக இறங்கும் கராஜில் நத்தை பிழைக்காது. ஆனால் வேர்லிங் நோயின் வித்துகளையும் குளிர் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது, அதனால் தேய்த்துக் கழுவுவதைக் குளிரிடம் விட்டுவிட முடியாது. அவசரத்துக்கு ஹீட்டர் துவாரத்தின் மேல் வைத்துக் காய வைத்தால் அடிப்பாகத்தின் பசை இளகிப் பிரிந்து வரும். அடியில் வழுக்காமல் பிடிக்கும் ஸ்டட் ஆணிகள் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது லைன், அதாவது ரீல் என்ற சக்கரத்தில் சுற்றி வைத்து வீசும் தடித்த நூல். இதைத்தான் நிறையப் பேர் ரீலிலேயே விட்டுவிட்டு, ஏப்ரலில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வருகிறதே என்று திட்டுவார்கள். பெரும்பாலான ஃபிளை லைன்கள் பின்னிய நூல் ஒன்றின் மேல் பிவிசி பூச்சு போட்டவை. அந்தப் பூச்சை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் இளக்கிப் பொருள். கொசு விரட்டியில் இருக்கும் டீட், சன்ஸ்கிரீன், பெட்ரோல் இவை பட்டால் பூச்சு கெட்டு, போகப் போக விறைத்து வெடிப்பு விடும். அழுக்கு படிந்தாலோ வளையங்களில் சரியாக வழுக்காது, நுனி மூழ்கும்.

இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரும் சில சொட்டு மிதமான கை கழுவும் சோப்பும், இன்னொன்றில் வெறும் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும் பாத்திர லிக்விட் வேண்டாம், லைனில் இருக்கும் வழுவழுப்பையும் அது சேர்த்து எடுத்துவிடும். ரீலிலிருந்து லைனை முதல் வாளிக்குள் வளையம் வளையமாக இறக்கி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணிக்குள் பிடித்து உருவியபடி இரண்டாவது வாளிக்கு மாற்றுங்கள். துணியில் வரும் கருப்பைப் பார்த்தாலே புரியும். சோப்பு மிச்சமிருந்தால் லைன் மிதக்காது என்பதால் நல்ல தண்ணீரில் தாராளமாக அலசுங்கள். பிறகு காய்ந்த துணியால் துடைத்து, லைன் தயாரித்த கம்பெனி சொல்லும் டிரெஸ்ஸிங்கை லேசாகத் தடவி, சிறிது நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள்.

உருவும்போதே விரல் நகத்தால் வெடிப்பு தேடுங்கள். முன்பக்க 9 மீட்டர்தான் அதிகம் அடிபடும். அந்தப் பகுதி போய்விட்டது, உங்களுடையது இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலியும் டபிள் டேப்பர் என்றால் பணம் மிச்சம், லைனைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டினால் புது நுனி கிடைத்துவிடும். எடை முன்பக்கம் மட்டும் இருக்கும் வெயிட் ஃபார்வர்டில் இது முடியாது. லைன் நுனியில் லீடர் என்ற மெல்லிய இழை சேரும் இடத்தில் மட்டும் வெடிப்பு என்றால் ஒரு விரற்கடை வெட்டிவிட்டு நெயில் முடிச்சைப் புதிதாகப் போடுங்கள்.

இனி எப்படி வைப்பது? ஆர்பர் (லைன் சுற்றும் நடு உருளை) சிறியதாக உள்ள பழைய ரீல் என்றால் லைனைக் கழற்றி, பெரிய ஐஸ்கிரீம் வாளி ஒன்றைச் சுற்றி லூசான வளையங்களாகச் சுற்றி வைப்பது உண்மையிலேயே பலன் தரும். லார்ஜ் ஆர்பர் ரீல் வைத்திருப்பவர்கள் அவ்வளவு சிரமப்பட வேண்டாம் என்பது என் கருத்து, இழுத்துக் கட்டாமல் தளர்வாகத் திரும்பச் சுற்றி வைத்தால் போதும். எப்படியும் சீசனின் முதல் நாள் கையால் கொஞ்சம் இழுத்து நீட்டத்தான் போகிறோம். கழற்றி வைத்தால் ஒரு சீட்டில் லைன் எடையும் வகையும் எழுதிக் கட்டுங்கள். ஒரே நிறத்தில் நான்கும் ஐந்தும் ஆறும் கிடந்தால் ஏப்ரலில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரீலில் லைனுக்குக் கீழே சுற்றியிருக்கும் டேக்ரான் நூலை, அதாவது பேக்கிங்கை, மறந்துவிடாதீர்கள். ஒரு நல்ல மீன் அதுவரை ஓடியிருந்தால் ஈரம் அடியில் அப்படியே இருக்கும், பூசணம் பிடிக்கும், ஸ்பூலும் அரிக்கும். அதையும் உருவிக் காய வைத்துவிட்டு, லைனோடு சேரும் முடிச்சை நன்றாக இழுத்துப் பாருங்கள்.

ரீல் சுலபம். ஸ்பூலைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, மண்ணைப் பழைய பல் பிரஷால் எடுத்து, முழுக்கக் காய விடுங்கள். கிளிக் பால் (பற்சக்கரத்தில் தட்டும் நாக்கு) உள்ள ரீல் என்றால் பற்சக்கரத்தில் கொஞ்சம் கிரீஸ், நடு அச்சில் ஒரு சொட்டு எண்ணெய். சீல் செய்த டிராக் (லைன் ஓட்டத்துக்கான பிரேக்) உள்ளதைத் திறக்கவே திறக்காதீர்கள். கார்க் டிராக் என்றால் கம்பெனி சொன்ன எண்ணெய் மட்டும். கார்பன் தகடு உள்ளதில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும். எந்த டிராக்காக இருந்தாலும் பூஜ்ஜியத்துக்குத் தளர்த்தி வையுங்கள், அதிலும் கார்க் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் தட்டையாகிவிடும். ஈரமான நியோப்ரீன் உறைக்குள் ரீலைப் போட்டு வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். காரிலேயே விட்டு வைப்பவர்களுக்கு இன்னொன்று: பூட்ஸோடு வந்து டிக்கியில் உருகும் ரோட்டு உப்பு ரீலுக்குக் கடல் தண்ணீருக்குக் குறைந்ததல்ல.

ராடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் ஃபெரூலை ஆல்கஹாலால் சுத்தம் செய்து, ஆண் பக்கத்தில் சாதாரண மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள். இது கிராஃபைட் ராடுக்கு; உலோக ஃபெரூலில் மெழுகு வேண்டாம். வளையம் ஒவ்வொன்றிலும் பஞ்சை நுழைத்து இழுங்கள், இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது புது லைனைச் சீவி எடுத்துவிடும். வளையத்தைக் கட்டிய நூலின் மேல் வார்னிஷ் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியது இருந்தால் டிசம்பருக்குள் அனுப்பிவிடுங்கள், மார்ச் கடைசியில் எல்லோரும் சேர்ந்து அனுப்பும்போது வரிசையில் நிற்க நேரிடும். கைப்பிடிக் கார்க்கை மிதமான சோப்பும் மெல்லிய ஸ்பாஞ்சும் போட்டுத் தேய்த்தால் புதிது மாதிரி வரும், பெரிய குழிகளைக் கார்க் பொடியும் மரப்பசையும் குழைத்து அடைக்கலாம். துணி உறையும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ட்யூபுக்குள் போக வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் வார்னிஷ் கொப்பளித்துக்கொள்ளும். மூங்கில் ராடை ட்யூபில் போடாமல் துணி உறையோடு நேராகத் தொங்க விடுவது பழைய பழக்கம், அதில் அர்த்தமும் இருக்கிறது.

ஃபிளைப் பெட்டிகளை எல்லாம் திறந்து ஓர் இரவு மேசை மேல் வையுங்கள். துருப்பிடித்த கொக்கியைப் பக்கத்தில் இருப்பதற்கும் துரு ஏறும் முன் எடுத்து எறியுங்கள். நசுங்கிப்போன டிரை ஃபிளையை (மிதக்கும் வகை) இடுக்கியில் பிடித்துக் கெட்டில் ஆவியில் சில நொடி காட்டினால் இறகு விரிந்து எழும், திரும்பக் காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள். வீட்டிலேயே ஃபிளை கட்டுபவர்களுக்கு இறகிலும் ரோமத்திலும் அந்துப்பூச்சியும் கார்பெட் வண்டும் வருவதுதான் பெரிய பயம். புதிதாக வாங்கிய தோல் எதையும் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்ததும் மறுபடி ஒரு சுற்று வைத்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். அந்துருண்டை போடுவதில் எனக்கு விருப்பமில்லை. நெடியும் போகாது, சில பிளாஸ்டிக்குகளை இளக்கியும் விடும்.

லீடர் நுனியில் கட்டும் நைலான் இழையை, அதாவது டிப்பெட்டை, புதிதாக வாங்குங்கள், வாங்கிய மாதத்தை ஸ்பூலில் எழுதிவிடுங்கள். வெளிச்சம் பட்டு நைலான் பலம் இழக்கும், 0.15 மில்லிமீட்டர் தடிமன் உள்ள 5எக்ஸில் பலம் குறைந்தால் மிச்சம் என்ன இருக்கும். ஃப்ளூரோகார்பன் பல வருஷம் தாங்கும், அதை எறிய வேண்டாம். அப்படியே வெஸ்டின் பைகள் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள்: பாதி தின்ற கிரானோலா பாருக்கு எலி வரும், எலி வந்தால் கார்க்கையும் கடிக்கும். பழைய ஈயக் குண்டுகள் கிடைத்தால் இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள். அவற்றை விழுங்கும் லூன் பறவைகள் செத்துப்போகின்றன, கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளுக்கு 1997-லிருந்தே தடை. தகரக் குண்டு கடைகளில் கிடைக்கிறது. தலை விளக்கின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

மார்ச் கடைசியில் லைனைத் திரும்ப ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். டபிள் டேப்பரைத் திருப்பியிருந்தால் தேய்ந்த முனை பேக்கிங் பக்கம் போக வேண்டும். வெயிட் ஃபார்வர்டானால் மெல்லிய நீண்ட பகுதி முதலில் ரீலுக்குள் போக வேண்டும். கைப்பிடி எந்தக் கைக்கு என்பதையும் சுற்றும் முன்பே பார்த்துவிட்டு, டிராக்கை ஏற்றி, புது லீடர் ஒன்றைக் கட்டிவிடுங்கள்.