ரொமானோவ் பெண்களின் வம்ச மரம்: பெயரை நம்பாமல் போடுவது எப்படி?

ரஷ்ய அரச குடும்பத்துப் பெண்களை ஒரே தாளில் அடுக்க உட்காருகிறவர்கள் முதல் மணி நேரத்திலேயே ஏதாவது ஒரு மரியாவில் சிக்கிக்கொள்வார்கள். அதனால் பெயரை ஒதுக்கிவிட்டு, எண்ணை வைத்து மரம் போடும் வழி இது.

தேவையானவை: ஏ3 தாள், பென்சில், இரண்டு வண்ணப் பென்சில். மென்பொருள் வேண்டுமென்றால் கிராம்ப்ஸ் போதும். இலவசம், தேதியை ஜூலியன் நாட்காட்டியிலேயே பதியலாம். இணையத்தில் தயாராகக் கிடைக்கும் மரத்தை இறக்கிக்கொள்ளாதீர்கள். அதிலுள்ள பிழையைத் தேடுவதைவிடப் புதிதாகப் போடுவது சுலபம்.

படி 1: பிறந்த வீட்டுப் பெயரை முதலில் எழுதுங்கள்

வெளிநாட்டிலிருந்து மணமாகி வந்த இளவரசிகள் ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறும்போது பெயரும் மாறும்.

வூர்ட்டம்பர்க் சோஃபி டொரோத்தியா – மரியா ஃபியோதொரோவ்னா (முதலாம் பாவெலின் மனைவி)
பிரஷ்யாவின் ஷார்லட் – அலெக்சாந்த்ரா ஃபியோதொரோவ்னா (முதலாம் நிக்கலாய்)
ஹெஸ்ஸ மேரி – மரியா அலெக்சாந்த்ரோவ்னா (இரண்டாம் அலெக்சாந்தர்)
டென்மார்க்கின் டாக்மார் – மரியா ஃபியோதொரோவ்னா (மூன்றாம் அலெக்சாந்தர்)
ஹெஸ்ஸ அலிக்ஸ் – அலெக்சாந்த்ரா ஃபியோதொரோவ்னா (இரண்டாம் நிக்கலாய்)

ஐந்து பேரரசிகள், மூன்றே பெயர்கள். ரஷ்யப் பெயரின் இரண்டாம் பகுதி தகப்பன் பெயர், நாம் இனிஷியல் போடுவது மாதிரி. ஆனால் இவர்களில் யாருடைய அப்பாவும் ஃபியோதர் இல்லை. டாக்மாரின் தந்தை ஒன்பதாம் கிறிஸ்டியன், அலிக்ஸின் தந்தை நான்காம் லுட்விக். ரொமானோவ்கள் போற்றிய ஃபியோதொரோவ் மாதா திருவுருவத்தை ஒட்டி வந்த வழக்கம் இது. ஆகவே மருமகள்களின் தகப்பன் பெயரை வைத்து மேல் தலைமுறைக்குக் கோடு இழுக்கக் கூடாது.

இன்னொரு பொறி: இரண்டாம் அலெக்சாந்தரின் மனைவியும் மரியா அலெக்சாந்த்ரோவ்னா, 1853-ல் பிறந்த மகளும் மரியா அலெக்சாந்த்ரோவ்னா. மகளுக்கு அது உண்மையான தகப்பன் பெயர், அம்மாவுக்கு இல்லை. பிறந்த ஆண்டு இல்லாமல் எந்தப் பெயரையும் எழுதாதீர்கள்.

படி 2: மகளா, மருமகளா?

ஆங்கில நூல்களில் இருவருமே 'கிராண்ட் டச்சஸ்'. ரஷ்ய மொழியில் வம்சத்தில் பிறந்தவள் மணமாகும்வரை 'வெலிகாயா க்னியஷ்னா', மணமாகி வந்தவள் 'வெலிகாயா க்னியகீன்யா'. மகளுக்கு ஒரு வண்ணம், மருமகளுக்கு வேறு வண்ணம் பூசிவிட்டால் குழப்பம் தீரும்.

1886-ல் மூன்றாம் அலெக்சாந்தர் இந்தப் பட்டத்தைப் பேரரசரின் பிள்ளைகளுக்கும் மகன்வழிப் பேரப்பிள்ளைகளுக்கும் மட்டும் என்று சுருக்கினார். அதனால்தான் அவருடைய சொந்த மகள் க்ஸேனியாவுக்கு 1895-ல் பிறந்த இரீனா வெறும் இளவரசி. தகப்பன்வழியில் அவள் முதலாம் நிக்கலாயின் கொள்ளுப்பேத்தி. அம்மா பேரரசரின் தங்கை என்பது கணக்கில் வராது.

படி 3: தேதி

பெரும்பாலான மரங்கள் கெடுவது இங்கேதான். ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது, நாம் பயன்படுத்துவது கிரிகோரியன். ஜூலியன் தேதியோடு 18-ஆம் நூற்றாண்டுக்கு 11, 19-ஆம் நூற்றாண்டுக்கு 12, 20-ஆம் நூற்றாண்டுக்கு 13 நாள் கூட்டினால் நம் தேதி வரும். 1900 ஜூலியனில் லீப் ஆண்டு, கிரிகோரியனில் இல்லை. அங்கேதான் 12 நாள் 13 ஆனது.

கடைசிப் பேரரசர் இரண்டாம் நிக்கலாயின் நான்கு மகள்களை வைத்துப் பழகலாம்:

ஓல்கா: 1895 நவம்பர் 3 → 15
தாத்தியானா: 1897 மே 29 → ஜூன் 10
மரியா: 1899 ஜூன் 14 → 26
அனஸ்தாசியா: 1901 ஜூன் 5 → 18

மூத்த மூவருக்கு 12, கடைக்குட்டிக்கு மட்டும் 13. பிறந்த ஆண்டின் இடைவெளியைத்தான் கூட்ட வேண்டும். அலிக்ஸ் பிறந்தது 1872 ஜூன் 6, ரஷ்யக் கணக்கில் மே 25. 1900-க்குப் பிறகு அதே மே 25, ஜூன் 7-ல் விழுந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பிறந்த தேதியைத் திருத்தாதீர்கள்.

ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. எனவே எக்கத்தரீன்பர்க்கில் குடும்பமே கொல்லப்பட்ட 1918 ஜூலை 17 புதிய கணக்குத் தேதி. அதோடு 13 கூட்டுவது பிழை. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் 'ஜூ' அல்லது 'கி' என்று குறியுங்கள். கிராம்ப்ஸில் ஜூலியனைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏற்கெனவே மாற்றிய தேதியை இட்டால் நாட்கள் இரண்டு முறை கூடிவிடும்.

படி 4: எண் போடுங்கள்

யாரிடமிருந்து தொடங்குகிறீர்களோ அவர் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை, இரட்டித்து ஒன்று கூட்டினால் தாய். தூய தாய்வழி எப்போதும் 1, 3, 7, 15, 31 என்றே போகும்.

இரண்டாம் எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப்பை 1 என வையுங்கள். பேட்டன்பர்க் அலிஸ் 3, ஹெஸ்ஸ விக்டோரியா 7, விக்டோரியா மகாராணியின் மகள் அலிஸ் 15, மகாராணி 31. ஹெஸ்ஸ விக்டோரியாவின் தங்கைதான் அலிக்ஸ். அலிக்ஸை 1 என வைத்தால் அதே மகள் அலிஸ் 3. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். இரண்டு வரிசையும் ஒரே பெண்ணில் சந்திப்பதால் அது ஒன்றே. 1991-ல் தோண்டியெடுத்த எலும்புகளில் பேரரசியையும் மூன்று மகள்களையும் அடையாளம் காணப் பிலிப்பின் ரத்தம் உதவியது இதனால்தான்.

இப்போது ருமேனிய ராணி மேரியைப் போட்டுப் பாருங்கள். இவளும் மகாராணியின் பேத்தி, ஆனால் தந்தை ஆல்ஃபிரட் வழி. ஆல்ஃபிரட் 2, மகாராணி 5. வரிசையில் 5 இல்லை, டி.என்.ஏ.வும் வராது. மேரிக்கு அது வந்தது 3-ல் இருக்கும் 1853 மரியாவிடமிருந்து. இரண்டாம் எலிசபெத்துக்கு மகாராணி 17, அதுவும் வெளியே.

இரண்டாம் நிக்கலாய்க்குத் தாய் டாக்மார் 3, பாட்டி ஹெஸ்ஸ-காஸல் லூயிஸ் 7. அவர் எலும்பில் எடுத்த இதே டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையில் 16169-ஆம் இடத்தில் இரண்டு எழுத்துகள் கலந்திருந்தன. தாய்வழி உறவினர்களிடம் ஒன்றுதான். 1994-ல் தம்பி கியோர்கியின் உடலைத் தோண்டிப் பார்த்தபோது அதே கலப்பு இருந்தது. ஆக, எண் பொருந்தினாலும் ஓர் எழுத்து மாறலாம். அதற்காக மரத்தை அழிக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: ரத்தம் உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியாவுக்கும் இதே 1, 3, 7 வரிசைதானா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. அது எக்ஸ் குரோமோசோமில் போவது, நோயுள்ள தந்தை மகளுக்குக் கொடுத்துவிடுவார், மகனுக்குக் கொடுக்கமாட்டார். மகாராணியின் மகன் லியோபோல்டுக்கு நோய். அவர் மகள் ஆத்லோன் அலிஸ் அதைச் சுமந்தாள். அவள் மகன் ரூபர்ட்டுக்கு வந்தது. ரூபர்ட்டிலிருந்து எண்ணினால் அலிஸ் 3, லியோபோல்ட் 6, மகாராணி 13. நோய்க்குத் தனித் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடுத்தடுத்து இரண்டு ஆண்கள் வந்தால் அந்த வழியை அடித்துவிடலாம்.