பழைய பாடி பேனல் வாங்கும்முன் பொருத்தம் பார்ப்பது எப்படி?

மாருதி ஸ்விஃப்ட் காருக்கு ஒரு டோர் வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறவர், "எந்த ஸ்விஃப்ட்?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டதும் விழிப்பார். 2005 மே மாதம் இந்தியாவில் அறிமுகமான அந்த வண்டி 2011 ஆகஸ்டிலும், 2018 பிப்ரவரியிலும், 2024 மே மாதத்திலும் முழுமையாக மாறியது; பெயரைத் தவிர, ஒரு தலைமுறையின் டோர் அடுத்த தலைமுறைக்கு உறவில்லை. மூன்றாம் தலைமுறையில் பின்கதவின் கைப்பிடி கண்ணாடிக்குப் பின்னால், தூண் அருகே மேலேறியது. நான்காவதில் மீண்டும் கதவுக்கே இறங்கிவிட்டது.

ஆகவே முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவுத் தேதியை நம்பக் கூடாது. புதிய மாடல் வந்த பிறகும் ஷோரூமில் நின்ற பழைய வண்டி பல மாதம் கழித்துப் பதிவாகியிருக்கலாம். பம்பர், கிரில் போன்ற முன்பக்க உறுப்புகளுக்கு இன்னும் கவனம் தேவை, ஏனெனில் ஒரே தலைமுறைக்குள்ளும் அவற்றின் வடிவம் மாறுவதுண்டு. 2014 அக்டோபரில் இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட்டின் முன் பம்பர் அப்படித்தான் மாறியது. இதற்கு நேர்மாறாக, பெயர் வேறாயினும் தகடு ஒன்றாகவே இருப்பதும் உண்டு: 2019-இல் வந்த டொயோட்டா கிளான்ஸா, கிரில்லையும் சின்னங்களையும் தவிர்த்துப் பார்த்தால், அன்றைய மாருதி பலேனோதான். தேடும் வட்டத்தை இப்படி விரிக்கத் தெரிந்தவருக்கு நல்ல பேனல் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

வடிவம் ஒத்துப்போனதும் வேலை முடிந்ததாக நினைப்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். நானும் ஒருமுறை ஏமாந்தேன். வாங்கிவந்த ஃபெண்டர் (முன்சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு) அச்சாகப் பொருந்தியது, ஆனால் அதில் இண்டிகேட்டருக்கான துளை இல்லை. அது பக்கவாட்டு ரியர்வியூ கண்ணாடியிலேயே இண்டிகேட்டர் உள்ள உயர்ரக வேரியன்ட்டிலிருந்து கழற்றியது என்பது பிறகுதான் புரிந்தது. பேனலைப் புரட்டிப் பின்புறத் துளைகளை எண்ணாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதை அன்றே கற்றுக்கொண்டேன். பானெட்டில் வாஷர் நாசில் (முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் முனை) துளைகளையும், கீல் பொருந்தும் இடத்தையும், தாங்கு கம்பி நுழையும் குழியையும் பாருங்கள். முன் பம்பரில் பனிவிளக்குக்கு இடம் இருக்கிறதா என்பதையும், பின் பம்பரில் பார்க்கிங் சென்சார் துளைகளையும் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களுக்குப் பின்பக்க சென்சார் கட்டாயம் என்பதால், அதற்கு முந்தைய பம்பரைப் புதிய வண்டிக்கு வாங்கினால் துளையிடும் வேலையும் சேர்ந்துவரும்.

டோருக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பவர் விண்டோவா, கையால் சுற்றுவதா. வயரிங் சாக்கெட்டில் எத்தனை பின்கள். ரியர்வியூ கண்ணாடி பொருத்தும் முக்கோணம் எப்படிப்பட்டது. சாவித் துளை உண்டா இல்லையா என்பனவெல்லாம் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறுபடும். முடிந்தால் பழைய டோரையே கழற்றிக் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்துவையுங்கள். முடியாவிட்டால் கீல் போல்ட்டுகளுக்கு இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து, பின்பக்கத்தைப் படமெடுத்துச் செல்லுங்கள்.

பொருந்துகிற பேனலும் ஏற்கெனவே அடிபட்டு டிங்கரிங் பார்த்ததாக இருந்தால், விளிம்பு நேராக வராது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்தினால், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அதன் பிடி தளரும். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் காந்தம் ஒட்டாது என்பதால் அங்கே கண்ணும் விரலும்தான் துணை. டோரின் அடி மடிப்பில் நகத்தால் சுரண்டினால் துரு தெரிந்துவிடும்.

பின்பக்கக் குவார்ட்டர் பேனல் (பின்சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு) போல்ட்டில் நிற்பதன்று, வெல்டிங்கில் நிற்பது. அதை வெட்டித்தான் தருவார்கள் என்பதால், உங்கள் டிங்கர் எங்கே இணைக்கப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே சில அங்குலம் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள்.

பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். பெயிண்டுக்கு அனுப்பும்முன் போல்ட்டுகளை அரைகுறையாக முடுக்கிப் பேனலை ஏற்றி, டோரைத் திறந்து மூடி, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், ஏனெனில் பெயிண்ட் அடித்த பேனலை எந்தக் கடையும் திரும்ப எடுப்பதில்லை.